திறப்பதில் மட்டும் வல்லவர்

‘ஷார்ட்கட்’ சார். பிறப்பு 1957, நகரக் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் பணியேற்றது 1983, ஓய்வு 2015. பெற்றோர் வைத்த பெயர் பணிப்பதிவில் உறங்க, பணிக்காலத்தின் பிற்பகுதி முழுவதும் இந்தப் பட்டப்பெயராலேயே அவர் அறியப்பட்டார். கேலியாக வைத்தவர்கள் நாங்கள். பாராட்டாக ஏற்றுக்கொண்டவர் அவர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள வேறு முன்னுரை தேவைப்படாது.

புகார்ப் பிரிவில் அவருடைய மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. தரைத்தளத்தில் நீளமான ஓர் அறை. ஒரு கோடியில் பொதுமக்கள் நின்று பேசும் கண்ணாடிச் சாளரம். மறுகோடியில் நெடுங்காலமாகப் பூட்டியே கிடந்த ஒரு சிற்றறை. இடையில் எங்கள் மேசைகள். அங்கு வந்து சேரும் துன்பங்கள் மூன்றே வகை: தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, வர வேண்டாத இடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அவற்றைக் கையாளக் கணினியில் நாங்கள் பயன்படுத்திய செயலிகளும் மூன்றுதான்: புகார்ப் பதிவு, குழாய் வரைபடம், மின்னஞ்சல். இந்த மூன்றைத் திறப்பதற்கே ஒரு மனிதர் தம் வாழ்நாளைச் செலவிட முடியும் என்று எவரேனும் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மற்றவர்கள் செய்ததைப்போல முகப்புத் திரையில் உள்ள படத்தை மவுஸால் இருமுறை தட்டித் திறப்பதை அவர் இழிதொழிலாகக் கருதினார். ஒருநாள் தம் திரையிலிருந்த படங்கள் அனைத்தையும் நீக்கினார். அடுத்த நாள் கீழ்ப்பட்டையையும் மறைத்தார். எஞ்சியது ஒரு நீல நிற வெறுமை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த வெறுமையின் நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் செயலியின் முதல் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினால் செயலி திறந்துகொள்ளும். இந்தப் பெட்டியை எங்கிருந்தோ இறக்கி நிறுவியதுதான் அவர் வாழ்வின் சாதனை. அதைத் தாமே உருவாக்கியதுபோல் பேசுவார்.

பெட்டி தோன்றும்போது அவர் திரையைப் பார்க்க மாட்டார். அது கொள்கை. முகத்தை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு விசைகளைத் தட்டுவார். பின்னால் செயலி திறக்கும். அவர் எங்கள் கண்களில் வியப்பைத் தேடுவார். “ஸ்க்ரீனைப் பாக்கறது மவுஸ் பிடிக்கிறவங்க பழக்கம்” என்பார். நாங்கள் வியந்தோமா என்பது வேறு விஷயம்.

திறந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை சாளரத்துக்கு வெளியே ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். ஷார்ட்கட் சார் அவரைப் பார்த்தபடியே புகார்ப் பதிவைத் திறந்தார். பிறகு ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடத் தொடங்கினார். அவருக்குத் தட்டச்சு தெரியாது, கற்றுக்கொள்ளவும் முயன்றதில்லை. தெருப்பெயரின் நடுவில் ஓர் எழுத்து அகப்படாமல் விரல் விசைப்பலகையின் மேல் வெகுநேரம் வட்டமிட்டது.

“தம்பி, இன்னும் திறக்கலியா?” என்றார் முதியவர்.

“திறந்து ரொம்ப நேரமாச்சு பெரியவரே. இந்த ஆபீஸ்லயே என் அளவுக்கு வேகமா யாரும் திறக்க முடியாது.”

“சந்தோஷம். அப்படியே கொஞ்சம் எழுதிக்கிட்டீங்கன்னா நான் போயிடுவேன். காலு வலிக்குது.”

அறையே சிரித்தது. ஷார்ட்கட் சார் சிரிக்கவில்லை. முதியவருடைய அறியாமையை மன்னித்ததுபோல் தலையை அசைத்தார்.

பிறருடைய கணினிகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. யாராவது மவுஸைத் தொட்டால் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். வரைபடம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார், சாதுவான மனிதர். அவருடைய திரையையும் ஒரு மதிய உணவு வேளையில் இவர் வெறுமையாக்கிவிட்டார். திரும்பி வந்த மனிதர் வரைபடத்தைத் தேடி அந்தப் பிற்பகல் முழுவதும் தவித்தார். வெளியே ஒரு தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “பழகிட்டா நீங்களே எனக்கு நன்றி சொல்வீங்க” என்றார் ஷார்ட்கட் சார்.

அவர் வாயை அடைக்கத் தெரிந்தவர் ஒருவரே: பக்கத்து மேசைத் தட்டச்சர், எங்களுக்கெல்லாம் அக்கா.

“அக்கா, இதைத் திறக்க மவுஸை எவ்வளவு தூரம் இழுக்கறீங்க பாருங்க. ஒரு வருஷத்துக்கு எத்தனை மணிநேரம் வீணாகுதுன்னு யோசிச்சீங்களா?”

“நான் எங்க சார் திறக்கறேன்? எல்லாம் திறந்தேதான் கிடக்கு.”

“சாயங்காலம் மூடுவீங்கல்ல, காலையில திறக்கணுமே?”

“மூடினாத்தானே சார் திறக்கணும்? நான் மூடறதே இல்ல.”

இதற்கு விடை தேடி அவர் இரண்டு நாள் யோசித்தார். “அது ஒழுங்கில்லாத முறை” என்று மூன்றாம் நாள் சொன்னார். அக்கா தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே “ஆமா சார்” என்றார்.

வீட்டிலும் இதே ஆட்சிதான். மனைவி, கல்லூரியில் படித்த மகள், ஒரு கணினி. அதன் திரையும் வெறுமை. மகள் தேர்வு விண்ணப்பத்தை அனுப்ப வேண்டிய இறுதி நாளில் அவருக்குத் தொலைபேசியில் பேசியது எதிர்மேசையில் இருந்த எனக்கே கேட்டது.

“அப்பா, ப்ரவுசர் எங்கப்பா?”

“தேடாதே. தட்டு.”

“எதைத் தட்ட?”

“நேத்து சொன்னேனே, ரெண்டு கீ.”

“நேத்து சொன்னது வேற ரெண்டு கீ. அதைத் தட்டினா கம்ப்யூட்டரே தூங்கிடுச்சு!”

“அது இன்னும் வேகமா இருக்கட்டும்னு காலையில மாத்தினேன்மா.”

அப்போது தொலைபேசி மனைவியின் கைக்குப் போனது. “இங்க பாருங்க, பிள்ளை அழுதுட்டு உக்காந்திருக்கா. வந்து பழையபடி அந்தப் படத்தை எல்லாம் போட்டுத் தரப்போறீங்களா, இல்ல இதைத் தூக்கிப் பரண்ல போடட்டுமா?” மகள் இறுதியில் தோழி வீட்டுக்குச் சென்று விண்ணப்பத்தை அனுப்பினாள். ஷார்ட்கட் சார் எங்களிடம், “பொறுமை கிடையாது இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு” என்றார்.

இவ்வளவு வேகம் இவருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்கத் தோன்றும். எதிர்மேசைக்காரனுக்கு அந்த விடை முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அவர் தடித்த மூக்குக்கண்ணாடி அணிபவர். புகார்ப் பதிவின் பின்புலம் வெள்ளை, வரைபடத்தினுடையது சாம்பல். அவருடைய கண்ணாடியிலோ நாளின் பெரும்பகுதியும் பச்சை நிறம் தெரியும். அதன்மேல் சிறுசிறு வெள்ளைக் கட்டங்கள் நகரும். கணினியோடு கூடவே வரும் சீட்டாட்டம் அது. நடைபாதையில் காலடியோசை கேட்டதும் சீட்டாட்டத்தை மூடிப் புகார்ப் பதிவை முன்னால் கொண்டுவருவார். காலடி கடந்துபோனதும் மறுபடி இரண்டு விசை, ஓர் எழுத்து, என்டர்: கண்ணாடி பச்சையாகும். அவர் போற்றிய விரைவுக்கலை முழுவதும் இந்த ஒரே தேவையில் பிறந்து, இந்த ஒரே பயிற்சியில் வளர்ந்தது.

மற்றவராக இருந்தால் ஆட்டத்தைச் சுருக்கி ஓரத்தில் ஒளித்திருப்பார். இவர் எச்சரிக்கைக்காரர், ஒவ்வொரு முறையும் முழுமையாக மூடிவிடுவார், அடையாளமே இருக்கக் கூடாதென்று. எங்கள் நடைபாதை போக்குவரத்து மிகுந்தது. தேநீர் கொண்டுவருபவர், கோப்பு கொண்டுவருபவர், வழி தவறி வருபவர் என்று ஓசை ஓயாது. ஆகவே அவர் அந்த ஆட்டத்தை நாள்தோறும் எத்தனை முறை மூடினாரோ, அத்தனை முறை மீண்டும் திறந்தார். இதை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2012இல் புதிய பொது மேலாளர் ஒருவர் வந்தார். ‘சீர்மை’ என்ற சொல்லில் மோகம் கொண்டவர். அதன் பொருளை ஆராய்ந்தவராகத் தெரியவில்லை. வந்த வேகத்தில் ‘கணினிச் சீர்மைப் பொறுப்பாளர்’ என்ற புதிய பதவியை அறிவித்தார். பொறுப்பாளருக்கு எங்கள் அறையின் கோடியில் பூட்டிக் கிடந்த அந்தச் சிற்றறை ஒதுக்கப்படும்; கதவில் பெயர்ப்பலகை மாட்டப்படும். விருப்பமுள்ளவர்கள் கூட்ட அறையில் அனைவர் முன்னிலையிலும் தம் முறையை விளக்கிக் காட்ட வேண்டும்.

ஷார்ட்கட் சாருக்குப் பதவியைவிடக் கதவுதான் முக்கியம். கதவு இருந்தால் காலடியோசைக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். மின்சார அலுவலகத்தில் தனியறையில் அமர்ந்திருந்த அந்த மனிதர், குடும்பத்தில் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் குரலை உயர்த்தி, “என்ன மாப்ளே, இன்னும் அதே நாற்காலிதானா?” என்று கேட்பது வழக்கம். பல்லாண்டுகளாக இவர் அதற்கு, “பாத்துக்கிட்டே இருங்க மச்சான்” என்று பதில் சொல்லிவந்தார். பார்க்கும்படியாக ஒன்று கடைசியில் வந்துவிட்டது. வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதால் பதவி கைக்கு எட்டிவிட்டதாகவே அவர் எண்ணினார். அவர் மனைவி அந்தச் சிற்றறைக் கதவின் கண்ணாடியை அளந்துவரச் சொல்லி, அதற்கு இளம்பச்சைத் துணியில் ஒரு திரைச்சீலையும் தைத்து முடித்துவிட்டார். அதை இவர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எங்களிடம் விரித்துக் காட்டினார்.

“அளவு சரியா இருக்கா பாருங்க.”

“அளவு சரி சார். முதல்ல கதவு கிடைக்கட்டும்” என்றார் அக்கா.

விளக்கக் காட்சி நாளன்று பக்கத்து அலுவலகங்களிலிருந்தும் சிலரை அழைத்திருந்தார்கள். மச்சானும் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார். ஷார்ட்கட் சார் தம் மேசைக் கணினியையே சுமந்துவந்து நிறுவியிருந்தார், பிற கணினிகளில் அவர் விரல்களுக்கு வழி தெரியாதாகையால். அன்று காலை சீட்டாட்டத்தை அவர் தொடவே இல்லை. கண்ணாடியில் பச்சை தெரியாத ஒரே காலை அது. வெறுமையான திரை யாரிடமும் எதையும் சொல்லாது என்று அவர் நம்பினார்.

ப்ரொஜெக்டர் வழியே சுவரில் ஆளுயரத்துக்கு அவருடைய நீல வெறுமை ஒளிர்ந்தது. அவர் சுவருக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து நின்றுகொண்டு, விசைப்பலகையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார். புகார்ப் பதிவு திறந்தது, மூடியது. வரைபடம் திறந்தது, மூடியது. மின்னஞ்சல் திறந்தது, மூடியது. எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்தவற்றில் ஒன்றிலேனும் ஏதேனும் செய்துகாட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. ஆனாலும் உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும்: பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. பொது மேலாளர் முன்னோக்கிச் சாய்ந்தார். மச்சானின் கால் கீழே இறங்கியது.

“பிரமாதம். ஒரு சந்தேகம்,” என்றார் பொது மேலாளர். “இந்த எழுத்தெல்லாம் ஞாபகம் இல்லாத ஆளு உக்காந்தா என்ன பண்ணுவார்?”

அந்த இடத்தில், ‘பழகிக்கொள்வார்’ என்று சொல்லி அமர்ந்திருந்தால் கதவு அவருடையது. அமரவில்லை.

“நல்ல கேள்வி சார். அதுக்கும் இதுல வழி இருக்கு. எழுத்தே வேணாம். பெட்டியைத் திறந்து, வெறும் என்டரைத் தட்டினா போதும். நாம எதை அதிகத் தடவை திறக்கிறோமோ, அதை இதுவே கணக்கு வெச்சு முதல்ல நிறுத்தும். மனுஷன் மறந்தாலும் மிஷின் மறக்காது சார். இப்பப் பாருங்க.”

பெட்டி வந்தது. என்டரைத் தட்டினார்.

சுவர் முழுவதும் பச்சையாகியது. முந்தைய நாள் மாலை அவசரமாக மூடப்பட்ட ஆட்டம், பாதியில் நின்ற இடத்திலிருந்தே, ஒவ்வொரு சீட்டும் ஒரு மேசை அகலத்துக்கு விரிந்து நின்றது. கூட்ட அறையில் மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்கவில்லை. அந்த அமைதியை அவர் வியப்பு என்று எடுத்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் அவர் தேடிய வியப்பு.

“பாத்தீங்களா சார்? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு. காலையில வந்ததும் நான் முதல்ல திறக்கறது இதைத்தான். சாயங்காலம் கடைசியா மூடறதும் இதைத்தான். இது மட்டும் இல்லேன்னா, புகார்ப் பிரிவுல என்னால உக்காரவே முடியாது சார்.”

பின்வரிசையில் வரைபடக்காரர் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அக்கா தரையைப் பார்த்தார். பொது மேலாளர் நிதானமாக மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்து, சுவரைச் சற்றுநேரம் ஆராய்ந்தார்.

“அந்தக் கறுப்பு ராணியைத் தூக்கிச் சிவப்பு ராஜா மேல வையுங்களேன். கீழ ரெண்டு சீட்டு விடுபடும்.”

ஷார்ட்கட் சார் திரும்பினார். திரும்பிய கணத்திலேயே, அவர் எதையும் எண்ணுவதற்கு முன், விரல்கள் தமக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்துவிட்டன: சீட்டாட்டம் மறைந்தது, புகார்ப் பதிவு அங்கே நின்றது. அத்தனை விரைவான மாற்றத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அவர் விளக்கிக் காட்ட வந்தது எதுவோ, அதை அந்த ஒரு நொடியில்தான் முழுமையாக விளக்கிக் காட்டினார். கூட்டம் அடக்கிவைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் உடைந்தது.

“சார், அது வந்து... பேத்தி மாதிரி... பக்கத்து வீட்டுக் குழந்தை...” என்று தொடங்கினார்.

“ஆபீஸ் கம்ப்யூட்டர்லயா?” என்றது முன்வரிசையில் ஒரு குரல். மச்சான்தான்.

பொது மேலாளர் கோபப்படவில்லை. கோபப்படும் அளவுக்கு அவர் எதையும் கருத்தூன்றிப் பார்ப்பவர் அல்லர். அவருக்கு வேறொன்று மனத்தில் பட்டுவிட்டது. “திறக்கறது தானா நடக்குது. மறைக்கறதும் தானா நடக்குது. எல்லாம் இவ்வளவு தானா நடக்கும்போது, அதுக்கு ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு ரூம், எதுக்கு?” என்று தம் உதவியாளரைக் கேட்டார். உதவியாளருக்கும் எதற்கென்று தெரியவில்லை. பதவி அந்த வாரமே நீக்கப்பட்டது. ஒரு பதவியைப் படைத்து, அதே வேகத்தில் ஒழித்ததைத் தம் சீர்மைப் பணிகளுள் ஒன்றாகப் பொது மேலாளர் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மாடிப்படியில் மச்சான் காத்திருந்தார். தோளில் கை போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “இவ்வளவு நாளா எனக்குப் புரியல மாப்ளே, நீங்க ஏன் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லன்னு. ஆட்டம் முடியல, அதானே?” என்றார். ஷார்ட்கட் சார் கணினியைச் சுமந்துகொண்டிருந்ததால் கையை விலக்கவும் முடியவில்லை.

சிற்றறையில் பழுதான திரைகளை அடுக்கினார்கள். இளம்பச்சைத் திரைச்சீலை அவர் வீட்டுச் சமையலறை அலமாரிக்குப் போயிற்று. கதவுக் கண்ணாடிக்குத் தைத்ததாகையால் அங்கு அகலம் போதாமல் ஒரு பக்கம் திறந்தே கிடந்ததாகக் கேள்வி. அவரைப் பொதுமக்கள் சாளரத்துக்கு மாற்றினார்கள். பராமரிப்புப் பொறியாளர் அந்தச் சாளரத்துக் கணினியை, மின்சாரம் பாய்ந்ததும் புகார்ப் பதிவு தானாகத் திறக்கும்படியும், வேறெதுவும் திறக்காதபடியும், அதை மூடவும் முடியாதபடியும் அமைத்துக் கொடுத்தார். பெட்டி இல்லை, எழுத்து இல்லை, திறப்பதற்கு ஒன்றுமே இல்லை. அக்காவின் ஒழுங்கில்லாத முறை, ஆணையாக வந்து, அவர் தலைமேல் உட்கார்ந்தது.

எஞ்சிய ஆண்டுகளை அங்கேயே கழித்தார். தட்டச்சு அப்போதும் கற்றுக்கொள்ளவில்லை. எவர் முன்னால் வந்து நின்றாலும் பழைய வழக்கப்படி அந்த இரண்டு விசைகளையும் அழுத்துவார். திறந்திருக்கும் பதிவைப் பாராமல், வராத பெட்டிக்காகக் காத்திருப்பார். பிறகு ஒற்றை விரலை எடுப்பார்.

பணியின் இறுதி நாளன்றும் நான் பார்த்தேன். மாலைகளும் சால்வையும் மேசைமேல் இருக்க, சாளரத்துக்கு வெளியே காலிக்குடத்துடன் ஒரு பெண் நின்றார். ஷார்ட்கட் சார் அவர் முகத்தைப் பார்த்தபடியே விசைகளை அழுத்தினார். மீண்டும் அழுத்தினார்.

“வரமாட்டேங்குதும்மா.”

“எங்க தெருவுலயும் அதேதான் சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

அந்தப் புகாரை அக்கா எழுந்துபோய்ப் பதிந்துகொண்டார். ஷார்ட்கட் சார் அந்த விசைகளைக் கடைசியாக அழுத்திய நாள் 2015 ஜூன் 30.